விடுதிப் பள்ளியா, மாலை வகுப்பா, இன்னோர் ஆண்டா?

பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் வாரத்தில் என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால், டாக்டர் கனவு உள்ள வீடுகளுக்கெல்லாம் என் எண் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "சார், நீட்டையும் சேர்த்து நடத்துகிற விடுதிப் பள்ளியில் போடட்டுமா? இங்கேயே படிக்க வைத்து மாலையில் கோச்சிங் அனுப்பட்டுமா? இல்லை, பிளஸ் டூவை நிம்மதியாக முடித்துவிட்டு அதற்குப் பிறகு ஒரு வருடம் தனியாகப் படிக்கட்டுமா?"

கேட்பவர்கள் கட்டணத்தையும் போன வருட ரிசல்ட்டையும் ஒப்பிட்டு முடித்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். நான் ஒப்பிடச் சொல்வது வேறு சிலவற்றை. அதற்கு முன் நாட்காட்டியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பிளஸ் டூவின் ஓராண்டு

செப்டம்பரில் காலாண்டு. டிசம்பரில் அரையாண்டு. பொங்கல் முடிந்த கையோடு திருப்புதல் தேர்வுகள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, அதற்குள் ரெக்கார்டு நோட்டு. மார்ச்சில் பொதுத்தேர்வு. 2025இல் பொதுத்தேர்வு மார்ச் 3இல் தொடங்கி 25இல் முடிந்தது. நீட் மே 4இல் நடந்தது. இடையில் நாற்பது நாள். ஒரு மண்டலம்கூட இல்லை.

அந்த நாற்பது நாளில் மாணவர்கள் பழக்கத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும். பொதுத்தேர்வில் இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களுக்கு எழுத்துத்தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மூன்று மணி நேரம் கைவலிக்க விரித்து எழுத வேண்டும், படம் போட்டுப் பாகம் குறிக்க வேண்டும். நீட் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறினால் 1 கழியும். உயிரியலில் 90 கேள்வி, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 45. முதல் தேர்வு தெரிந்ததை எல்லாம் எழுதச் சொல்கிறது. இரண்டாவது, தெரியாததைத் தொடாதே என்கிறது. பாடம் ஒன்றானாலும் உழைப்பு இரண்டு.

கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள குரூப் எடுத்தவர்களுக்கு இன்னொரு வம்பும் உண்டு. "எதற்கும் இருக்கட்டும்" என்று பொறியியல் நுழைவுத்தேர்வான ஜேஇஇ மெயினுக்கும் விண்ணப்பித்துவிடுவார்கள். அதன் ஜனவரித் தேர்வு திருப்புதல் தேர்வுகளின் நடுவிலும், ஏப்ரல் தேர்வு நீட்டுக்கான நாற்பது நாளின் நடுவிலும் வந்து உட்காரும். தமிழ்நாட்டில் பொறியியல் இடங்கள் நுழைவுத்தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் கிடைக்கின்றன. ஐஐடி, என்ஐடி மீது உண்மையான ஆசை இல்லாத பிள்ளைக்கு அந்த விண்ணப்பம் வீண் சுமை. அதை எடுத்துவிட்டால் அடுத்த நாளே வீட்டில் காற்று வரும்.

எதை வைத்து எடைபோடுவது

என் அளவுகோல்கள் ஐந்து.

முதலாவது தூக்கம். பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பதே மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பத்து கனவு, எட்டைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, பிளஸ் ஒன் பாடம் உண்மையில் நடத்தப்படுகிறதா என்பது. நீட் கேள்விகளில் ஏறக்குறைய பாதி அந்த ஆண்டின் பாடத்திலிருந்து வருகிறது.

மூன்றாவது, இரண்டு வகைத் தேர்வுக்கும் தனித்தனியே பயிற்சி கிடைக்கிறதா என்பது. நான்காவது பணம், விளம்பரத் தாளில் உள்ளதும் இல்லாததும்.

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: நடுவில் ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வர வழி இருக்கிறதா? எனக்கு மற்ற நான்கும் சேர்ந்து இதற்குச் சமம்.

ஒன்று: நீட்டோடு சேர்த்து நடத்தும் விடுதிப் பள்ளி

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் நீட் வருவதற்கு முன்பே பெயர்பெற்றவை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மருத்துவ இடம் கிடைத்த காலத்தில், பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே அரைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளின் முகத்தை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பழைய தந்திரம் திரும்பி வரவும் கதவு திறந்திருக்கிறது.

ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறைப் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கே இப்போது படிக்கும் பிளஸ் ஒன் மாணவர் ஒருவரின் இயற்பியல் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் அதில் பிளஸ் ஒன் பாடம் பாதிக்கு மேல் முடிந்திருக்க வேண்டும். நோட்டைக் காட்டத் தயங்குகிற பள்ளியைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

இந்த வழியின் பலம் ஒழுங்கு. பஸ்ஸில் கழியும் நேரம் மிச்சம். பள்ளியும் பயிற்சியும் ஒரே கையில் இருப்பதால், பள்ளித் தேர்வும் பயிற்சித் தேர்வும் ஒரே நாளில் மோதிக்கொள்வதில்லை. வீட்டில் படிக்க மூலை இல்லாத பிள்ளைக்கும், குடும்பச் சண்டைக்கு நடுவே புத்தகம் திறக்கும் பிள்ளைக்கும் விடுதி ஒரு புகலிடமாகவே இருக்கக்கூடும். அப்படிச் சேர்ந்து மலர்ந்தவர்களை அறிவேன்.

விலை தூக்கத்தில் வசூலாகிறது. என் கைக்கு வந்த விடுதிக் கால அட்டவணைகளில் எழுப்பும் நேரம் நாலரை அல்லது ஐந்து. விளக்கணைக்கும் நேரம் பத்தரை அல்லது பதினொன்று. ஆறு மணி நேரம், அதுவும் தாளில். வாரத் தேர்வு தரவரிசைப் பட்டியல் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டப்படுவதையும் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை ஊரில் முதல் மாணவியாக இருந்த பெண், அங்கே நூற்று நாற்பதாவதாக நின்று சோற்றைப் பிசைவாள். அவளுடைய அறிவு குறைந்துவிடவில்லை, ஒப்பிடும் கூட்டம்தான் மாறியது. இதை அந்த வயதில் யார் எடுத்துச் சொல்வது? வார்டனா?

திரும்பும் வழி இங்கேதான் மிகக் குறுகல். என் அண்ணன் மகளை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். இரண்டு ஆண்டுக் கட்டணத்தில் பெரும்பகுதியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். அரையாண்டு விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகமாட்டேன் என்றாள். பணத்தைக் கேட்டுப் போன அண்ணனுக்குக் கிடைத்தது ஒரு காபியும் "நிர்வாகத்தில் பேசிச் சொல்கிறோம்" என்ற பதிலும். மாற்றுச் சான்றிதழுக்கே மூன்று முறை நடந்தார். உள்ளூரில் அவள் குரூப்பில் இடம் தேடியது தனிக் கதை. சேரும்போதே எழுத்தில் கேளுங்கள்: நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளில்? வாய்ப்பேச்சு உதவாது.

இரண்டு: உள்ளூர்ப் பள்ளியும் பயிற்சி வகுப்பும்

வீட்டுச் சாப்பாடு, பழகிய நண்பர்கள், தெரிந்த ஆசிரியர்கள். பயிற்சி மையம் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம், பள்ளி பாதிக்கப்படாது. ஐந்தாவது அளவுகோலில் இதற்கு நல்ல மதிப்பெண். ஆனால் நேரக் கணக்கைப் போட்டால்தான் நிலவரம் புரியும். பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒரு கோடு போட்ட தாளில் நான் போட்டுக் காட்டுவது இது:

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் எட்டு வீதம் 56. பள்ளி, சிறப்பு வகுப்பு, போக்குவரத்து சேர்த்து நாளுக்கு ஒன்பது மணி வீதம் ஆறு நாளுக்கு 54. குளியல், சாப்பாடு, மற்றவை நாளுக்கு இரண்டரை வீதம் பதினேழரை. மிச்சம் நாற்பதரை. மாலைப் பயிற்சி போக வர மூன்று மணி வீதம் ஐந்து நாளுக்கு 15, ஞாயிறு தேர்வும் விளக்கமும் 6. இப்போது மிச்சம் பத்தொன்பதரை, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் வீட்டுப்பாடம், ரெக்கார்டு, நீட்டுக்கான சொந்தப் படிப்பு எல்லாம் முடிய வேண்டும். கோயில் திருவிழா, காய்ச்சல், மழை, தாத்தாவின் திதி எதற்கும் இந்தத் தாளில் இடமில்லை. எதிலிருந்து எடுப்பார்கள்? தூக்கத்திலிருந்துதான்.

மாலை வகுப்பை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் மிச்சம் முப்பத்துநாலரை. நாளுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிள்ளையின் கையில் வந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் பார்த்ததும் பெற்றோர்கள் ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள். பிறகு "ஆனால் எல்லோரும் தினமும் போகிறார்களே" என்பார்கள். போகட்டும். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருப்பது படிப்பு அல்ல, படிப்புக்கான ஏற்பாடு. நீட்டுக்கு அடிப்படையான என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தை வரிவரியாகத் தனியே வாசிக்க நேரமில்லாத மாணவருக்கு எத்தனை வகுப்பு இருந்தும் என்ன?

மறைவான செலவுகள்: பயிற்சி மையக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, ஒரு லட்சம் என்று சொன்னால் கொடுப்பது 1,18,000. போக்குவரத்து தனி. இரவு ஒன்பதுக்கு மகளைக் கூட்டிவரப் போகும் அப்பாவின் வேலை நேரமும் ஒரு செலவுதான்.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 16 வயது நிறையாதவர்களைச் சேர்க்கக் கூடாது, நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு, நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. வழிகாட்டுதல்தான், கடிவாளம் அல்ல. இருந்தாலும் அச்செடுத்துக்கொண்டு போய் மேஜையில் வையுங்கள். பேச்சின் தொனி மாறும்.

இந்த இரண்டாவது வழியின் இன்னொரு வடிவம், பள்ளியில் பெயரை மட்டும் வைத்துவிட்டு நாள் முழுவதும் பயிற்சி மையத்தில் இருப்பது. டம்மி பள்ளி என்பார்கள். சிபிஎஸ்இ 75 சதவீத வருகை கேட்கிறது, இப்படிப்பட்ட பள்ளிகளின் அங்கீகாரத்தையும் ரத்து செய்திருக்கிறது. நடுவில் பள்ளி சிக்கினால் தேர்வே கேள்விக்குறி. இதை ஒரு வழியாகவே நான் எண்ணுவதில்லை.

மூன்று: முதலில் பிளஸ் டூ, பிறகு ஓராண்டு

ரிப்பீட்டர் என்ற சொல்லில் ஏதோ தோற்றவனின் வாடை வந்துவிட்டது. தேவையில்லாத வாடை. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, 2020-21இல் தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் 71 சதவீதத்துக்கு மேற்பட்டோர் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்து மீண்டும் எழுதியவர்கள். 2016-17இல் அது 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

இந்த எண்ணைக் காட்டித்தான் பயிற்சி மையங்கள் ஆள் பிடிக்கின்றன, ஆகவே கவனமாகப் படியுங்கள். இடம் பெற்றவர்களில் எத்தனை பேர் மறுபடி எழுதியவர்கள் என்பதைத்தான் இது சொல்கிறது. மறுபடி எழுதியவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பது முற்றிலும் வேறு கேள்வி.

அழுத்தம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுவே இலகுவானது. தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் கையில் இருந்தால் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.பார்ம், பொறியியல் என்று தமிழ்நாட்டின் சொந்தக் கதவுகள் மதிப்பெண்ணிலேயே திறக்கும். முதல் நீட்டை ஓர் ஒத்திகையாக எழுதிப் பார்க்கலாம். 17 வயது நிறைந்திருந்தால் போதும்; எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை.

வரம்பு இல்லாததே இதன் ஆபத்தும். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகும். கூடப் படித்தவர்கள் கல்லூரிப் படங்களை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். கல்யாண வீட்டில் யாராவது ஒரு பெரியப்பா, "இன்னும் வீட்டில்தானா?" என்று கேட்டுவைப்பார். பள்ளி என்ற கூட்டம் இல்லாத ஓராண்டு பதினெட்டு வயதுக்கு நீளமானது. எனவே ஆண்டு தொடங்கும்போதே பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து முடிவுத் தேதியைத் தாளில் எழுதிவிட வேண்டும்: இந்த ஒரு முறை, பிறகு எந்தப் படிப்பு என்பது வரை.

இன்னோர் ஆண்டு எடுக்கலாமா என்பதை மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2024இல் முதலில் 67 பேர் 720க்கு 720 என்று அறிவிக்கப்பட்டார்கள், திருத்தத்துக்குப் பிறகு அது 17 ஆனது. 2025இல் நாட்டிலேயே முதலிடம் பெற்ற மதிப்பெண் 686. ஒரே அறிவுள்ள பிள்ளை இரண்டு ஆண்டில் இரண்டு எண் வாங்கியிருப்பான். பார்க்க வேண்டியது தரவரிசை. உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி இடம் எந்தத் தரவரிசையில் முடிந்தது, பிள்ளை அதிலிருந்து எவ்வளவு தொலைவு? பக்கத்தில் இருந்தால் ஓராண்டு எடுப்பது நியாயம். வெகுதூரம் என்றால், இயற்பியல் மட்டும் காலை வாரியதா, மூன்று பாடமும் வாரினவா என்று பாருங்கள். ஒரு பாடம் என்றால் நம்பிக்கை உண்டு. மூன்றும் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்லுவேன். சொல்லித் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

ஒரு பார்வையில்

| | விடுதிப் பள்ளி | உள்ளூர்ப் பள்ளி + பயிற்சி | பிளஸ் டூவுக்குப் பின் ஓராண்டு |
|---|---|---|---|
| தூக்கம் | பெரும்பாலும் ஆறு மணி | தினசரி மாலை வகுப்பு என்றால் எட்டு கிடைக்காது. ஞாயிறு மட்டும் என்றால் கிடைக்கும் | கிடைக்கும் |
| பிளஸ் ஒன் பாடம் | நோட்டைப் பார்த்தே நம்ப வேண்டும் | பள்ளியைப் பொறுத்தது | இருமுறை படிக்க வாய்ப்பு |
| இரு தேர்வுக்கும் பயிற்சி | ஒரே கையில் | இரண்டு கை, அடிக்கடி மோதல் | தனித்தனி ஆண்டு |
| மறைவான செலவு | முன்கூட்டிய கட்டணம், அரசுப் பள்ளிச் சலுகை இழப்பு | வரி, போக்குவரத்து, வீட்டாரின் நேரம் | ஓர் ஆண்டு, தனிமை |
| திரும்பும் வழி | குறுகல் | அகலம் | தேதி குறித்தால் உண்டு |

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக

அட்டவணையில் ஒரு மூலையில் எழுதிய "சலுகை இழப்பு" என்ற இரண்டு சொல்தான் இந்தக் கட்டுரையிலேயே விலை அதிகமானவை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அப்படிச் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு நீண்டது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

பிளஸ் ஒன்னில் தனியார் விடுதிப் பள்ளிக்கு மாறிய நிமிடமே இவ்வளவும் போய்விடுகிறது. பத்து வரை அரசுப் பள்ளியில் படித்தது கணக்கில் வராது. அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒன்று என்று நினைத்து மாறியவர்களும் இருக்கிறார்கள், 7.5 சதவீதத்துக்கு உதவி பெறும் பள்ளி செல்லாது. நான் உதவி பெறும் பள்ளியில்தான் வேலை பார்த்தேன், அதனால் தைரியமாகவே சொல்கிறேன்: அந்தப் பிள்ளைகள் எங்களிடம் வர வேண்டாம். அரசுப் பள்ளியிலேயே இருந்து, அரசு தரும் இலவச நீட் பயிற்சியைப் பயன்படுத்தி, தேவைப்பட்டால் பிளஸ் டூவுக்குப் பின் ஓராண்டு எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஆண்டுக்குப் பிறகும் ஒதுக்கீட்டு உரிமை அப்படியே இருக்கும்.

மற்றவர்களுக்கு என் சாய்வு, ஞாயிறு வகுப்போடு உள்ளூர்ப் பள்ளி. வீட்டில் படிக்கவே இயலாத சூழல் என்றால், பிள்ளையே வாய்விட்டுக் கேட்டால், நோட்டும் கட்டண நிபந்தனையும் சரியாக இருந்தால், விடுதி.

எந்த வழி ஆனாலும் சாப்பாடு குறைவது, பேச்சு நிற்பது, பிடித்த விளையாட்டைக்கூடத் தொடாமல் இருப்பது, "நான் இருந்து என்ன பயன்" போன்ற பேச்சு வருவது இவற்றை "பரீட்சை டென்ஷன்" என்று தள்ளிவிடாதீர்கள். அன்றே நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் 104 என்ற எண்ணிலும் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், பெற்றோரும் பேசலாம்.

சென்ற வாரம் பேசிய ஓர் அம்மாவின் மகள் ஊர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முதலிடம். ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து வீடு தேடி வந்து பாதிக் கட்டணம் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் நியாயமா என்று கேட்டார். டிசி வாங்கிவிட்டீர்களா என்றேன்.

"எழுதிக் கொடுத்திருக்கிறோம் சார். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்."

"நாளைக்குப் போங்கள். எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு எனக்குக் கூப்பிடுங்கள். கட்டணத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்" என்றேன்.